2011-இல் எடுத்த போஸ்ட்ஜிஸ் பேக்கப் புதிய சர்வரில் ஏறவில்லையா?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் நீர்நிலைகள் சம்பந்தமாக வேலை செய்யும் ஒரு சிறு குழு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து ஏரிகள், போர்வெல்கள், அந்தத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு அளவு எல்லாவற்றையும் 2011 வாக்கில் போஸ்ட்ஜிஸ் 1.5-இல் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வரைபடத் தகவலைச் சேமிக்க உதவும் சேர்க்கை) சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது இல்லை, ஒரு ஹார்ட் டிஸ்கில் பேக்கப் மட்டும் இருக்கிறது. புதிய சர்வரில் போஸ்ட்கிரெஸ் 16, போஸ்ட்ஜிஸ் 3.4. ஏற்றினால் எரர் மழையாகக் கொட்டுகிறது, முடிந்ததும் பார்த்தால் பாதி டேபிளைக் காணோம், ஃபைல் கெட்டுவிட்டதா என்பது கேள்வி.

கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் ஒட்டியிருக்கும் எரர்களில் ஒன்றுகூட ஃபைல் சிதைந்ததால் வருவது அல்ல. பெரும்பாலானவை பழைய போஸ்ட்ஜிஸின் சொந்தச் சாமான்கள் புதியதோடு மோதுவதால் வருபவை. உங்கள் புள்ளிகளும் எல்லைகளும் எந்த வடிவத்தில் அந்த ஃபைலுக்குள் எழுதப்பட்டிருக்கிறதோ, அதே வடிவத்தை இன்றைய போஸ்ட்ஜிஸும் அப்படியே படிக்கும். அதனால் பதற்றம் வேண்டாம், ஆனால் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

ஏன் மோதுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. போஸ்ட்கிரெஸ் 9.1-இல்தான் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதியைத் தனி மூட்டையாகச் சேர்ப்பது) என்ற ஏற்பாடே வந்தது, 2011-இல். போஸ்ட்ஜிஸ் அதற்குள் வந்தது 2.0-இல், 2012-இல். அதற்கு முன் போஸ்ட்ஜிஸை நிறுவுவது என்றால் ஒரு பெரிய எஸ்க்யூஎல் ஃபைலை உங்கள் டேட்டாபேஸுக்குள் ஓட்டுவது, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்கள், டைப்கள், ஆபரேட்டர்கள் எல்லாம் உங்கள் ஏரி டேபிள் இருக்கும் அதே பப்ளிக் ஸ்கீமாவில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேக்கப் எடுக்கும்போது எது உங்களுடையது, எது போஸ்ட்ஜிஸுடையது என்று பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி டம்ப்புக்குத் தெரியாது, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. வீடு மாறும்போது பழைய வீட்டின் கதவு ஜன்னலையும் கழற்றி லாரியில் ஏற்றிவந்து, புதிய வீட்டுச் சுவரில் மாட்டப் பார்ப்பது போலத்தான் இது. அந்தப் பழைய ஃபங்ஷன் ஒவ்வொன்றும் ‘லிப்டிர் போஸ்ட்ஜிஸ்-1.5’ என்ற ஃபைலைத் தேடும். புதிய சர்வரில் அந்த ஃபைல் கிடையாது (3.0-இலிருந்து அதன் பெயர் வெறும் போஸ்ட்ஜிஸ்-3), அதனால் ‘ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்று நூற்றுக்கணக்கில் எரர். அவை எல்லாமே உங்களுக்குத் தேவையில்லாதவை. அவை தோற்பதே நல்லது.

நமக்குக் கவலை தர வேண்டியவை அதற்கு நடுவே ஒளிந்திருக்கும் சில. அவற்றுக்குப் போகும் முன், கையில் இருப்பது எந்த வகை பேக்கப் என்று பாருங்கள். ஃபைலின் முதல் ஐந்து எழுத்து ‘பிஜிடிஎம்பி’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது கஸ்டம் ஃபார்மட், அதிர்ஷ்டம். அதை, பேக்கப்பை ஏற்றும் கருவியான பிஜி ரீஸ்டோருக்கு மைனஸ் ஸ்மால் எல் போட்டுக் கொடுத்தால் எதையும் ஏற்றாமல் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் தரும். அதன் தலைப்பகுதியில் எந்தப் பதிப்பு சர்வரிலிருந்து, எந்தப் பதிப்பு பிஜி டம்ப்பால் எடுத்தது என்பது எழுதியிருக்கும். பழைய ஃபைலைப் புதிய பிஜி ரீஸ்டோர் படிக்கும், புதிய ஃபைலைப் பழையது படிக்காது, அதனால் எப்போதும் புதிய சர்வரோடு வந்த கருவியையே பயன்படுத்துங்கள். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் நேராக எஸ்க்யூஎல் தெரிகிறது என்றால் அது ப்ளெயின் வகை, கொஞ்சம் கூடுதல் வேலை. மூன்றாவது ஒன்று உண்டு: பேக்கப் என்று சொல்லி டேட்டா ஃபோல்டரையே அப்படியே காப்பி எடுத்து வைத்திருப்பார்கள். அதைப் புதிய போஸ்ட்கிரெஸ் தொடக்கூடச் செய்யாது. உள்ளே பிஜி வெர்ஷன் என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கும், அதில் 8.4 என்று இருந்தால் 8.4-ஐயே, அதே வகை இயங்குதளத்தில், போஸ்ட்ஜிஸ் 1.5-உடன் நிறுவி, அதில் ஏற்றி, அங்கிருந்து முறையாக டம்ப் எடுக்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

உங்களுடையது முதல் வகையாக இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். புதிதாக ஒரு காலி டேட்டாபேஸ், யூடிஎஃப்-8-இல். ஏற்றும்போது டேட்டாபேஸையும் நீயே உருவாக்கிக்கொள் என்று சொல்லும் பெரிய சி சுவிட்சைப் போடாதீர்கள். பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் என்றால் அதன் லொக்கேல் பெயர் லினக்ஸில் இருக்காது, முதல் வரியிலேயே நின்றுவிடும். காலி டேட்டாபேஸில் கிரியேட் எக்ஸ்டென்ஷன் போஸ்ட்ஜிஸ். ராஸ்டர் ஏதாவது வைத்திருந்தால் போஸ்ட்ஜிஸ் ராஸ்டரையும் தனியாகச் சேர்க்க வேண்டும், 3.0-இல் அதைப் பிரித்துவிட்டார்கள். பழைய டேபிள்களுக்கு எந்த யூசர் உரிமையாளராக இருந்தாரோ அதே பெயரில் ஒரு ரோலையும் இப்போதே உருவாக்கிவிடுங்கள், ‘ரோல் இல்லை’ என்ற எரர்க் கும்பல் ஒன்று அதோடு ஒழியும்.

பிறகு பேக்கப்பை நேராக ஏற்றாமல், போஸ்ட்ஜிஸோடு கூடவே வரும் ‘போஸ்ட்ஜிஸ் ரீஸ்டோர்’ என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் வழியாக ஏற்றுங்கள். போஸ்ட்கிரெஸின் ஷேர் ஃபோல்டருக்குள் கான்ட்ரிப் என்பதற்குள்ளே போஸ்ட்ஜிஸ் பதிப்பு பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அங்கே கிடக்கும். இல்லாவிட்டால் ஃபைண்ட் கட்டளை போட்டுத் தேடிக்கொள்ளுங்கள். அது பேக்கப்பின் பட்டியலைப் படித்து, போஸ்ட்ஜிஸுக்குச் சொந்தமான ஃபங்ஷன், டைப், ஆபரேட்டர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, உங்களுடையதை மட்டும் எஸ்க்யூஎல்லாக வெளியே விடும். அந்த வெளியீட்டை பைப் வழியாக பிஎஸ்க்யூஎல்லுக்கு (எஸ்க்யூஎல் கட்டளைகளை ஓட்டும் கருவி) அனுப்பி, எரர்களை மட்டும் தனி ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். திரையில் ஓடவிட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் பிடிபடாது. பழைய பதிப்பிலிருந்து தாவும் எல்லோருக்கும் போஸ்ட்ஜிஸ் கையேடு சொல்லும் வழியும் இதுதான். ஏனோ நம்மூரில் இது தெரியாமலே பலர் ஷேப்ஃபைலை மறுபடி தேடிக்கொண்டு அலைகிறார்கள்.

ப்ளெயின் வகை என்றால் இந்த ஸ்கிரிப்ட் உதவாது, அதற்குக் கஸ்டம் ஃபார்மட்தான் வேண்டும். சுத்தமான வழி, பழைய சூழலைத் தற்காலிகமாக உயிர்ப்பிப்பது. டெபியன் 7-இல் போஸ்ட்கிரெஸ் 9.1-ம் போஸ்ட்ஜிஸ் 1.5-ம் பேக்கேஜாகவே இருந்தன, டெபியனின் ஆவணக் களஞ்சியத்தில் இன்னும் கிடைக்கின்றன. ஒரு வர்ச்சுவல் மெஷினில் அதை நிறுவி, ப்ளெயின் ஃபைலை அங்கே ஏற்றி, எரர் இல்லாமல் ஏறியதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து எஃப்சி சுவிட்ச் போட்டுக் கஸ்டம் ஃபார்மட்டில் டம்ப் எடுத்தால் மேலே சொன்ன பாதைக்கு வந்துவிடலாம். ஒரு விஷயம் கவனிக்கவும்: போஸ்ட்கிரெஸ் 15-இலிருந்து பிஜி டம்ப் 9.2-க்குக் கீழே உள்ள சர்வரோடு பேசாது, அதனால் டம்ப்பை அந்தப் பழைய மெஷினில் இருக்கும் கருவியாலேயே எடுங்கள். இவ்வளவு வேண்டாம், எரரைக் கண்டுகொள்ளாமல் நேராகப் புதியதிலேயே ஓட்டிவிடலாமே என்றால், சில டேபிள்கள் வந்துவிடும்தான். கூடவே பழைய போஸ்ட்ஜிஸின் சில்லறை ஃபங்ஷன்களும் பப்ளிக் ஸ்கீமாவில் வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு ஏதோ ஒரு நாள் ‘இந்த ஃபங்ஷன் எது என்று தீர்மானிக்க முடியவில்லை’ என்ற எரர் வரும்போது யாருக்கும் காரணம் புரியாது.

இப்போது எரர் ஃபைல். மேலிருந்து கீழே படிக்காதீர்கள், வகை பிரியுங்கள். ‘பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் லாங்குவேஜ் ஏற்கெனவே இருக்கிறது’ என்பது குப்பை. ஜியோமெட்ரி காலம்ஸ் பற்றிய எரரும் குப்பைதான். 1.5-இல் அது ஒரு டேபிள், 2.0-இலிருந்து அது தானாக நிரம்பும் வியூ, அதற்குள் யாரும் எதையும் எழுத வேண்டியதில்லை.

நீங்கள் ஒட்டியிருக்கும் ‘இன்வாலிட் கமாண்ட் பேக்ஸ்லாஷ் என்’ என்ற வரி ஆயிரக்கணக்கில் வருவதைப் பார்த்துத்தான் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அது நடப்பது இப்படி: டேபிளை உருவாக்கும் கட்டளை தோற்றுவிட்டது, அதனால் அதற்குள் தகவலைக் கொட்டும் காப்பி கட்டளையும் தோற்றது, ஆனால் தகவல் வரிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால் பிஎஸ்க்யூஎல் அவற்றையும் கட்டளை என்று நினைத்துக் குழம்புகிறது. வெற்றுக் கட்டத்துக்கான குறிதான் அந்த பேக்ஸ்லாஷ் என். ஆகவே அந்த ஆயிரம் வரியையும் தாண்டி மேலே போய், அதற்கு முந்தைய முதல் எரரைப் பாருங்கள், அதுதான் நோய். பெரும்பாலும் அங்கே ‘என்டிம்ஸ் என்ற ஃபங்ஷன் இல்லை’ அல்லது ‘எஸ்ஆர்ஐடி என்ற ஃபங்ஷன் இல்லை’ என்று இருக்கும் (எஸ்ஆர்ஐடி என்பது ஜியோமெட்ரி எந்த ஆயத்தொலைவு முறையில் இருக்கிறது என்று சொல்லும் எண்). பழைய போஸ்ட்ஜிஸில் ஜியோமெட்ரி நெடுவரிசையைச் சேர்க்கும்போது என்ஃபோர்ஸ் டிம்ஸ், என்ஃபோர்ஸ் ஜியோடைப், என்ஃபோர்ஸ் எஸ்ஆர்ஐடி என்று மூன்று செக் கன்ஸ்ட்ரெயின்ட் (நிபந்தனை) போட்டுவிடும். டேபிள் இன்னும் பழைய காலத்தில், 1.3 மாதிரிப் பதிப்பில் உருவானதாக இருந்தால், அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்கள் எஸ்டி என்ற முன்னொட்டு இல்லாத பழைய ஃபங்ஷன் பெயர்களைக் கூப்பிடும். 2.0-இல் அந்தப் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டார்கள்.

இதற்கு மருந்து அதே கான்ட்ரிப் ஃபோல்டரில் இருக்கும் ‘லெகசி’ என்ற எஸ்க்யூஎல் ஃபைல். பழைய பெயர்களையெல்லாம் தற்காலிகமாக உயிர்ப்பித்துக் கொடுக்கும். டேட்டாபேஸை அழித்து, மறுபடி காலியாக உருவாக்கி, எக்ஸ்டென்ஷன் போட்டு, லெகசியை ஓட்டி, பிறகு பேக்கப்பை ஏற்றுங்கள். எல்லாம் முடிந்து கன்ஸ்ட்ரெயின்ட்களையும் வியூக்களையும் புதுப் பெயர்களுக்கு மாற்றியபின் ‘அன்இன்ஸ்டால் லெகசி’யை ஓட்டி அவற்றை வெளியேற்றிவிட வேண்டும். அப்படியே விட்டுவைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, அடுத்த பதிப்புக்குப் போகும்போது அதே தலைவலி திரும்ப வரும்.

வியூக்கள் தனிக் கதை. உங்கள் ‘ஏரிக்கு அருகில் உள்ள போர்வெல்’ வியூ ஏறாததற்குக் காரணம் எஸ்டி டிஸ்டன்ஸ் ஸ்ஃபியர் என்று இரண்டு அடிக்கோடு வைத்து எழுதியிருப்பது. 2.2-இல் அது ஒரே சொல்லாக, எஸ்டி டிஸ்டன்ஸ்ஸ்ஃபியர் என்று மாறியது. லைன் இன்டர்பொலேட் பாயின்ட்டும் அதே மாதிரிதான், நடுவில் இருந்த அடிக்கோடுகள் போய்விட்டன. வியூவின் வரையறையை டம்ப்பிலிருந்து எடுத்து, பெயரை மாற்றி, கையால் ஓட்டிவிடுங்கள். இண்டெக்ஸ் எதுவாவது ஜிஸ்ட் ஜியோமெட்ரி ஆப்ஸ் என்று சொல்லித் தோற்றிருந்தால் அந்தப் பெயரை விட்டுவிட்டு வெறும் ஜிஸ்ட் இண்டெக்ஸாக மறுபடி போட்டால் போதும்.

இதுவரை சொன்ன எல்லாமே சத்தம் போடும் எரர்கள். எனக்கு உண்மையில் பயம் தருவது சத்தமே இல்லாமல் ஏறிவிடும் தவறுதான், அது எஸ்ஆர்ஐடியில் இருக்கும். அதுவும் உங்கள் பகுதியில் கட்டாயம் இருக்கும் என்றே நினைக்கிறேன், காரணம் சொல்கிறேன்.

யூடிஎம் என்பது பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை; அதில் மண்டலம் 43-க்கும் 44-க்கும் எல்லை கிழக்கு 78 டிகிரி. அந்தக் கோடு உங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் குறுக்கே போகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் எல்லாம் கோட்டுக்கு மேற்கே, மண்டலம் 43. கிருஷ்ணகிரி, தருமபுரி, பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை கிழக்கே, மண்டலம் 44. சூளகிரி கிட்டத்தட்டக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டும் அதே கோட்டில்தான் பிரிகிறது, 57 ஹெச் மேற்கே, 57 எல் கிழக்கே. ஆகவே ஷீட் வாரியாக ஆட்களைப் பிரித்து டிஜிட்டைஸ் செய்திருந்தால், ஒருவர் 32643-இலும் (மண்டலம் 43-இன் எஸ்ஆர்ஐடி) இன்னொருவர் 32644-இலும் (மண்டலம் 44-இன் எஸ்ஆர்ஐடி) வரைந்திருப்பார்கள். இரண்டையும் ஒரே டேபிளில் கொட்டும்போது எஸ்ஆர்ஐடி கன்ஸ்ட்ரெயின்ட் தடுக்கும், அந்தக் காலத்தில் அதைத் தாண்ட எல்லோரும் செய்தது எஸ்ஆர்ஐடியை மைனஸ் 1 என்று வைத்துவிடுவது. 1.5-இல் ‘தெரியாது’ என்பதற்கு மைனஸ் 1, 2.0-இலிருந்து 0. ஸ்கிரிப்ட் மைனஸ் 1-ஐ 0 ஆக மாற்றி எந்தப் புகாரும் இல்லாமல் ஏற்றிவிடும். டேபிள் வரும், எண்ணிக்கை சரியாக இருக்கும், வரைபட மென்பொருளான க்யூஜிஸில் திறந்தால் பாதி ஏரிகள் எங்கேயோ கிடக்கும்.

0 என்று இருப்பதைப் பார்த்தவுடன் ஏதோ ஒரு எண்ணை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். மண்டலம் 43-இல் வரைந்ததற்கு 44 என்று பெயர் வைத்தால் அது ஆறு டிகிரி கிழக்கே தள்ளிப் போகும், ஓசூர் பக்கத்து ஏரி வங்காள விரிகுடாவில் மிதக்கும். மாற்றிச் செய்தால் அரபிக்கடல். கண்டுபிடிக்கும் வழி சுலபம், எஸ்டி எக்ஸ் போட்டு கிழக்கு மதிப்பைப் பாருங்கள். உங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் மண்டலம் 44 என்றால் அது ஏறக்குறைய ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்குள் வரும். மண்டலம் 43 என்றால் எட்டு லட்சத்துக்குப் பக்கத்திலிருந்து ஒன்பது லட்சம் வரை. இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்கவே கலக்காது, அதனால் எக்ஸ் 5 லட்சத்துக்கு மேலா கீழா என்ற ஒரே நிபந்தனையை வைத்தே அப்டேட் எழுதிவிடலாம். 77, 78 என்று சின்ன எண்ணாக வந்தால் அது டிகிரி, ஜிபிஎஸ் கருவியிலிருந்து நேராக வந்தது, அதன் எஸ்ஆர்ஐடி 4326.

டம்ப் ஃபைலிலேயே இதைப் பார்க்கவும் வழி உண்டு. புள்ளி டேபிளின் தகவல் வரியில் ஜியோமெட்ரி ஒரு நீண்ட பதினாறடிமான எண்ணாக இருக்கும். அது 0101000020 என்று தொடங்கினால் எஸ்ஆர்ஐடி உள்ளேயே எழுதியிருக்கிறது, அடுத்த இரண்டு இலக்கம் 83 என்றால் அது 32643, 84 என்றால் 32644. 0101000000 என்று தொடங்கினால் எஸ்ஆர்ஐடி இல்லாத புள்ளி. சர்வரே இல்லாத நேரத்தில் இது மிகவும் உதவும்.

பிரித்து அடையாளம் கொடுத்தபின் எல்லாவற்றையும் ஒரே எஸ்ஆர்ஐடிக்கு டிரான்ஸ்ஃபார்ம் செய்யுங்கள். எஸ்டி செட்எஸ்ஆர்ஐடி பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், எஸ்டி டிரான்ஸ்ஃபார்ம்தான் எண்களை மாற்றும், முதலில் முன்னது, அப்புறம் பின்னது. எதற்கு மாற்றுவது என்றால், என் விருப்பம் சேமிப்பது 4326-இல், பரப்பளவு, தூரம் வேண்டும்போது ஜியோகிராஃபி டைப்பில் கணக்குப் போடுவது. மீட்டரிலேயே வேண்டும் என்றால் இரண்டு மாவட்டத்தையும் 32644-இல் வைத்துக்கொள்ளலாம். ஓசூர் பக்கம் மண்டலத்துக்கு வெளியே கொஞ்சம் நீண்டாலும் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிசகும், ஏரிப் பரப்பு கணக்குக்கு அது ஒன்றுமே இல்லை. பிறகு அந்த நெடுவரிசையின் டைப்பை மல்ட்டிபாலிகன், 4326 என்று ஆல்டர் டேபிளில் முறையாக அறிவித்துவிட்டு, அந்தப் பழைய மூன்று செக் கன்ஸ்ட்ரெயின்ட்களையும் தூக்கிவிடுங்கள். இனி எவரும் தப்பான எஸ்ஆர்ஐடியை உள்ளே நுழைக்க முடியாது.

இன்னொரு குழி, எவரெஸ்ட் டேட்டம் (பழைய இந்திய வரைபடங்களின் அளவீட்டு அடிப்படை). பழைய டோப்போ ஷீட்டிலிருந்து வரைந்தது என்றால் அது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அல்ல. அப்படியே விட்டால் ஜிபிஎஸ் புள்ளிக்கும் வரைந்த ஏரிக்கும் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி நிற்கும், போர்வெல் ஏரிக்குள் இருப்பது மாதிரித் தெரியும். இதற்காக அப்போது யாராவது ஸ்பேஷியல் ரெஃப் சிஸ் டேபிளில் தனியாக ஒரு வரி சேர்த்து, புரோஜ்4 வாசகத்தில் தங்களுக்கு ஒத்துவரும் திருத்த எண்களை எழுதி வைத்திருக்கலாம். அந்த வரி புதியதில் வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: போஸ்ட்ஜிஸ் 3, புதிய புரோஜோடு (ஆயத்தொலைவுகளை மாற்றித் தரும் நூலகம்) சேர்ந்து, முதலில் அதிகாரப் பெயரையும் எண்ணையும் பார்க்கும், பிறகு எஸ்ஆர்டெக்ஸ்ட், கடைசியில்தான் புரோஜ்4 வாசகம். அந்த வரியில் ஈபிஎஸ்ஜி என்று அதிகாரப் பெயரும் எண்ணும் நிரப்பியிருந்தால் உங்கள் திருத்த எண்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதிகாரப் பெயரையும் எஸ்ஆர்டெக்ஸ்டையும் காலி செய்துவிட்டால் உங்கள் வாசகத்துக்கு வரும். அந்தத் தனி எஸ்ஆர்ஐடி எண் 999000-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். இப்போதைய விதி அது, பெரிய எண் வைத்திருந்தால் ஸ்கிரிப்ட் அதை வேறு எண்ணுக்கு நகர்த்திவிடும்.

அடுத்தது தமிழ் எழுத்து. ‘யூடிஎஃப்-8-க்குப் பொருந்தாத பைட்’ என்று ஊர்ப்பெயர் டேபிளில் வந்த எரர் இதுதான். பழைய டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் ஆஸ்கியில் இருந்திருக்கும், அதற்குள் யார் எந்த ஃபான்ட்டில் அடித்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். 1999-இல் டாம், டாப் என்று தமிழ் எழுத்துக் குறியேற்றத் தரம் வந்தது, 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது, 2011-இல் எல்லோரும் மாறியிருக்க மாட்டார்கள். பாமினி வகை ஃபான்ட்டில் அடித்ததென்றால் அது பெரும்பாலும் சாதாரண ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும், எரர் இல்லாமல் ஏறும், படித்தால் உளறலாக இருக்கும். டாப், டிஸ்கி என்றால் எரர் வரும். எரர் வருவதற்கு நான் செய்வது, டம்ப்பின் தலையில் இருக்கும் க்ளையன்ட் என்கோடிங்கை லத்தீன்-1 என்று மாற்றி ஏற்றுவது. லத்தீன்-1-இல் எந்த பைட்டுக்கும் ஏதோ ஒரு எழுத்து உண்டு, அதனால் ஒன்றும் தொலையாமல் உள்ளே வந்துவிடும். பிறகு பொறுமையாக அந்த நெடுவரிசையை லத்தீன்-1 பைட்டாகத் திருப்பி எடுத்து, ஃபான்ட் மாற்றி வழியே யூனிகோடாக்கி, புது நெடுவரிசையில் எழுதலாம். விண்டோஸ் 1252 என்று வைக்க வேண்டாம், அதில் சில பைட்டுகளுக்கு இடமே இல்லை. ஒருவேளை கொஞ்சம் டேபிள்கள் ஏற்கெனவே யூனிகோடில் சரியாக இருந்தால் அவற்றை இந்த வழியில் ஏற்றாதீர்கள், அவை கெட்டுவிடும், டேபிளாகப் பிரித்து ஏற்றுங்கள்.

யூனிகோடானபின்னும் ஊர்ப்பெயர் ஜாயின் பொருந்தவில்லை என்று வந்து நிற்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். போச்சம்பள்ளியின் முதல் எழுத்தை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, எல்லாப் பெயர் நெடுவரிசையையும் ஒருமுறை அதற்குள் விட்டு எடுங்கள்.

சரிபார்ப்பதற்குப் பழைய சர்வர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், டம்ப்பே சாட்சி. பிஜி ரீஸ்டோரிடம் ஒரு டேபிளின் தகவலை மட்டும் ஃபைலாகக் கேளுங்கள். காப்பி வரிக்கும் பேக்ஸ்லாஷ் புள்ளிக்கும் நடுவே எத்தனை வரியோ அத்தனை ரோ. புதியதில் கவுன்ட் எடுத்து ஒப்பிடுங்கள். பிறகு எஸ்டி இஸ்வாலிட் போட்டுப் பாருங்கள், கையால் வரைந்த ஏரி எல்லைகளில் தன்னைத்தானே வெட்டிக்கொள்பவை கொஞ்சமாவது இருக்கும், எஸ்டி மேக்வாலிட் சரிசெய்துவிடும். அது பழைய தவறு, ஏற்றியதால் வந்ததல்ல. அதேபோல ஏதாவது ஒரு எல்லை டேபிளில் ஓசூர் தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்தால் பதற வேண்டாம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-இல், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைந்த எல்லையில் அது தருமபுரிக்குள்தான் இருக்கும்.

புதிய போஸ்ட்கிரெஸில் இரண்டு பழக்கம் மாறியிருக்கிறது. 15-இலிருந்து சாதாரண யூசர் பப்ளிக் ஸ்கீமாவில் டேபிள் உருவாக்க முடியாது, க்யூஜிஸிலிருந்து புது லேயர் சேமிக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் அதுதான், கிராண்ட் கொடுங்கள், அல்லது நீர்நிலைகளுக்கென்று தனி ஸ்கீமா வையுங்கள் (இரண்டாவதுதான் நல்லது). இன்னொன்று, 2018-இல் ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு பிஜி டம்ப் எடுக்கும் பேக்கப்பில் சர்ச் பாத் (எந்த ஸ்கீமாக்களில் தேடுவது என்ற பட்டியல்) காலியாக இருக்கும். நீங்களாக எழுதிய ஃபங்ஷன் எதையாவது இண்டெக்ஸிலோ மெட்டீரியலைஸ்டு வியூவிலோ பயன்படுத்தியிருந்தால், அடுத்த முறை ஏற்றும்போது எஸ்டி ஃபங்ஷனைக் காணோம் என்று அது கத்தும். அந்த ஃபங்ஷனுக்கே ஆல்டர் ஃபங்ஷனில் சர்ச் பாத்தை நிரந்தரமாக எழுதிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வேக்யூம் அனலைஸ் ஓட்டிவிட்டு, எஃப்சி சுவிட்சோடு புது டம்ப் ஒன்று எடுங்கள். போஸ்ட்ஜிஸ் இப்போது எக்ஸ்டென்ஷனாக இருப்பதால் அந்த நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்களுக்குப் பதில் ஒரே ஒரு கிரியேட் எக்ஸ்டென்ஷன் வரிதான் அதில் இருக்கும். அந்தப் பழைய ஃபைலையும் ஹார்ட் டிஸ்கிலிருந்து அழிக்காதீர்கள், ஊர்ப்பெயர் மாற்றியதில் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க வேறு இடம் கிடையாது. நடுவில் எங்கேயாவது நின்றுபோனால் மொத்த எரர் ஃபைலையும் எனக்கு அனுப்ப வேண்டாம், அதன் முதல் இருபது வரியும் பிஜி ரீஸ்டோர் பட்டியலின் தலைப்பகுதியும் போதும்.